மூச்சைப் பார்க்க ஒருவர்: கடலூர் வட்டாரத்திலிருந்து கால்நடை மயக்கவியலை நோக்கி

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. அங்கே மயக்கவியலுக்குத் தனித் துறை உண்டு, மேற்படிப்பும் உண்டு. குடலிறக்க அறுவைக்குப் படுத்திருக்கும் ஒருவருக்குக் கத்தி பிடிப்பவர் ஒருவர், மூச்சையும் நாடியையும் பார்ப்பவர் வேறொருவர். இரண்டாமவர் அறுவையின் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. நோயாளியின் உயிர் மட்டுமே அவர் பொறுப்பு.

அதே வட்டாரத்தில் புவனகிரி, காட்டுமன்னார்கோயில் சாலைகளில் இருக்கும் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு வருவோம். ஊசி போடுபவர், மரத்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பவர், அறுப்பவர், தைப்பவர், வலி மருந்து எழுதுபவர் எல்லாம் ஒரே மருத்துவர். கயிற்றைப் பிடிக்க ஓர் உதவியாளர் இருப்பார். மாட்டுக்காரரும் ஒரு கை கொடுப்பார்.

வசதிக் குறைவுதான் காரணம் என்பது எளிய விடை. அதில் உண்மை இருந்தாலும் அது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. நம் வட்டாரத்துக் கால்நடை மயக்கவியல் ஏன் தனித்துறையாகத் திரளவில்லை என்ற கேள்விக்கு மாட்டின் உடலிலும், நம் சட்டத்திலும், படிப்பின் அமைப்பிலும் தனித்தனி விடைகள் இருக்கின்றன. எந்தப் பகுதியில் குறை, எந்தப் பகுதியில் குறையே இல்லை என்று பிரித்த பிறகுதான் பரிகாரம் பேச முடியும்.

1. வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு வரலாறுகள்

முதலாவது மருந்துகளின் வரலாறு. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர். அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம். கல்கத்தாவில் 1847 மார்ச்சிலேயே ஈதர் கொடுத்து அறுவை நடந்துவிட்டது. அதே 1847இல் லண்டனில் எட்வர்டு மேஹ்யூ நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஈதர் கொடுத்துப் பார்த்தார். பிறகு குளோரல் ஹைட்ரேட், 1930களில் பார்பிட்டுரேட்டுகள், 1950களில் ஹாலோதேன், 1962இல் ஜெர்மனியில் உருவான சைலசின், அதே ஆண்டு அமெரிக்காவில் உருவான கீட்டமின், இன்றைய ஐசோஃப்ளூரேன் என்று பட்டியல் நீளும்.

இந்த வரலாற்றில் விலங்குக்கு ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அது சோதனைப் பொருளின் இடம். 1885இல் நியூயார்க்கில் லியோனார்டு கார்னிங் முதுகெலும்பு முள்களுக்கிடையே கோக்கெய்ன் செலுத்திப் பார்த்தது முதலில் ஒரு நாய்க்குத்தான். நம் தக்காணத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. குளோரோஃபார்ம் முதலில் நிறுத்துவது இதயத்தையா மூச்சையா என்ற சர்ச்சையைத் தீர்க்க 1888, 1889 ஆண்டுகளில் நிஜாம் அரசின் செலவில், எட்வர்டு லாரியின் முயற்சியால் ஹைதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள் அமைந்தன. நூற்றுக்கணக்கான விலங்குகள் அவற்றில் மடிந்தன. மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்ற ஆணையத்தின் முடிவு பின்னாளில் ஆட்டம் கண்டது. இதயமும் திடீரென நிற்கும் என்று 1911இல் லெவி பூனைகளில் காட்டினார். மனிதருக்கு மயக்கம் பாதுகாப்பானதில் இந்த விலங்குகளுக்குப் பங்குண்டு. அந்தப் பாதுகாப்பு அவற்றின் இனத்துக்குத் திரும்பி வருவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

இரண்டாவது சங்கங்களின் வரலாறு. பிரெடரிக் ஹாப்டே 1915இல் விலங்கு மயக்கம் பற்றித் தனி நூல் எழுதினார். 1919இல் பிரிட்டனில் குறிப்பிட்ட சில அறுவைகளுக்கு மயக்க மருந்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1964இல் பிரிட்டன், அயர்லாந்து கால்நடை மயக்கவியலாளர் சங்கம். 1975இல் அமெரிக்கக் கால்நடை மயக்கவியல் கல்லூரி. 1990களில் ஐரோப்பியக் கல்லூரி. தேர்வு எழுதித் தேறியவரே நிபுணர் என்ற ஏற்பாடு இவற்றால் நிலைபெற்றது.

இரண்டு வரலாறுகளிலும் கடலூருக்கு இடமில்லை. முதலாவதன்படி பார்த்தால் நாம் தாமதமானவர்கள். இரண்டாவதன்படி நாம் தொடங்கவே இல்லை. இரண்டுமே லண்டனின் குதிரையையும் நாயையும், பிறகு அமெரிக்க வீட்டு நாயையும் நடுவில் வைத்து எழுதப்பட்டவை. கறவை மாட்டை நடுவில் வைத்தால் கணக்கு மாறுகிறது.

2. மாட்டின் உடல் சொல்லும் காரணம்

நாயைப் போல மாட்டை முழு மயக்கத்தில் கிடத்துவது ஆபத்து. அசைபோடும் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிப்புக் கலம். மாடு நிற்கும்போது வாயு மேலே தங்கி ஏப்பமாக வெளியேறும். பக்கவாட்டில் சாய்த்தால் உணவுக்குழாயின் வாய் நீர்மத்தில் மூழ்கும், ஏப்பம் நின்றுபோகும், வயிறு உப்பும். உப்பிய வயிறு உதரவிதானத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளி நுரையீரலை நெரிக்கும். இதற்கிடையே உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இரை எதுக்களித்து மூச்சுக்குழலில் இறங்கினால் சில நாளில் நுரையீரல் அழற்சியில் மாடு போய்விடும். சைலசினைப் பொறுத்தவரை குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். நிறைசினைப் பசுவுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். கருப்பை சுருங்கிக் கன்று விழ வாய்ப்புண்டு.

எனவே மாட்டு மருத்துவம் வேறு வழியில் போனது. மாடு நின்றபடியே இருக்க, அறுக்கும் இடத்தை மட்டும் மரக்க வைப்பது அந்த வழி. 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெய்ன்தான் நம் மருந்தகங்களின் உண்மையான மயக்கப் புரட்சி என்பேன். இடப்பக்க விலாவைத் திறந்து பிளாஸ்டிக் எடுக்க முதுகெலும்பின் ஓரத்து நரம்புகளில் ஊசி. கொம்புப் புற்றுக்குக் கண்ணின் வெளிமூலைக்கும் கொம்படிக்கும் நடுவில், எலும்பு வரம்பை ஒட்டி ஊசி. வால் பக்கத்துக் கோளாறுகளுக்கு வாலடியில் ஊசி. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய அறுவையைப் பொதுவாக நிற்கும் மாட்டிலேயே செய்வார்கள்.

வாலடி ஊசியைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ஐப்பசி மழையில் ஒரு பசு கன்று ஈன்றபின் அடி தள்ளிவிட்டது. மருத்துவர் ஒரு கையால் வாலைப் பிடித்து, கைபம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் ஆட்டுவார். அசையாத எலும்புக்கும் அசையும் எலும்புக்கும் இடையே விரல் நுனியில் ஒரு பள்ளம் தட்டுப்படும். மயிரை மழித்து, இடத்தைச் சுத்தம் செய்து, ஊசியை இறக்குவார். ஊசித் தலையில் ஒரு சொட்டு மருந்தை நிரப்பி வைத்திருப்பார்; சரியான அறைக்குள் நுழைந்தால் அந்தச் சொட்டு தானாக உள்ளே இழுபடும். இரண்டு விழுக்காடு லிக்னோகெய்ன் சுமார் 5 மில்லி. மாட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “சார், மாடு நிக்குமா, படுத்துடுமா?” என்பதே. சரியான கேள்வி அது. அளவு கூடினால் மருந்து முன்னோக்கி ஏறிப் பின்னங்கால்களையும் தளர்த்திவிடும். சேற்றுத் தரையில் கால் பரப்பி விழுந்த மாட்டை எழுப்புவது பெரும்பாடு. அளவு சரியாக இருந்தால் சில நிமிடங்களில் வால் துவளும், முக்கல் அடங்கும், மாடு நின்றுகொண்டே இருக்கும். மருத்துவர் கருப்பையைக் கழுவி உள்ளே தள்ளித் தையல் போட அவகாசம் கிடைக்கும்.

இதைப் பின்தங்கிய மயக்கவியல் என்று சொல்வது தவறு. உடற்கூறு அறிவும், விரலின் பழக்கமும், அளவுக் கணக்கும் ஒன்றுசேர்ந்த தேர்ந்த கலை இது. முழு மயக்கமே உயர்ந்தது என்ற கருத்து குதிரை, நாய் மருத்துவத்திலிருந்து வந்தது. மாட்டுக்கு அது பொருந்தாது. மரக்கும் ஊசி அறுவையாளரின் கைக்குள் அடங்கிவிட்டதால் இன்னொருவருக்கான தேவை எழவில்லை. தனித்துறை உருவாகாததற்கு முதற்காரணம் இங்கே இருக்கிறது.

ஆட்டில் இந்தச் சமாதானம் செல்லாது. பத்துக் கிலோ குட்டிக்கு லிக்னோகெய்னை கிலோவுக்கு 5, 6 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும். இரண்டு விழுக்காட்டுக் கரைசலில் அது மூன்று மில்லிக்கு மேல் இல்லை. மாட்டுக்குப் பழகிய கை சற்றுத் தாராளமாகப் போட்டால் குட்டிக்கு வலிப்பு வரும். உடலின் எடைக்கு ஏற்ற அளவை எழுதிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்ற தேவை இங்கே தொடங்குகிறது.

3. அடக்குவது வேறு, நோவு தெரியாதிருப்பது வேறு

கயிறு கட்டி மாட்டைச் சாய்ப்பது நம் ஊர்களில் பழைய கைத்திறன். காயடிக்கவும், சூடு போடவும், லாடம் அடிக்கவும் மாட்டைக் கிடத்தத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பிறகு இத்தாலியின் புர்டிஸோ இடுக்கி வந்தது. தோலை வெட்டாமல் விதை நாளத்தை நசுக்குவதால் புண் இல்லை, ஈ மொய்ப்பதில்லை. புண் இல்லாததால் வலியும் இல்லை என்று பலர் நம்பிவிட்டார்கள். நசுக்கும் கணத்தில் காளையின் முதுகு வளைவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாளத்தில் முன்கூட்டியே மரக்கும் ஊசி போட்டால் அந்த வலி வெகுவாகக் குறையும்.

சட்டமும் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சோதனைக்கூடத்து அறுவைகளில் கூடியவரை போதுமான மயக்கம் தரப்பட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவோ விதிக்கப்பட்ட முறையில் செய்யும் காயடித்தல், கொம்பு நீக்கல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றைக் கொடுமைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. சோதனைக்கூட எலிக்குக் கிடைத்த சொல்வடிவான பாதுகாப்பு உழவு மாட்டுக்குக் கிடைக்கவில்லை. எந்த வலி ஏற்கத்தக்கது என்பதை அந்த விலங்கு செய்யும் வேலை தீர்மானிக்கிறது. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அடக்குவதையும் மயக்கத்தையும் ஒன்றெனக் கொள்ளும் தவறு படித்தவர்களிடமும் நேர்ந்திருக்கிறது. தசையைச் செயலிழக்கச் செய்யும் சக்சினைல்கோலின் போன்ற மருந்துகளை மட்டும் கொடுத்துக் குதிரைகளைச் சாய்த்த காலம் மேற்கில் இருந்தது. குதிரை அசையாது, ஆனால் எல்லாம் அதற்குத் தெரியும். முதலைகளை அசையாமல் வைக்கப் பயன்பட்ட காலமின் மருந்தும் இதே வகை. சிதம்பரம் வட்டாரத்தில் வேளக்குடி போன்ற ஊர்களின் நீர்நிலைகளுக்கு வந்துவிடும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். இடம் மாற்றுவதற்குக் கயிறும் கட்டும் போதும். காயம்பட்ட முதலைக்குத் தையல் போட வேண்டியிருந்தால் கட்டும் போதாது, காலமினும் போதாது. உணர்வைப் போக்கும் மருந்தே வேண்டும். அசையாமலிருப்பதை வலியின்மைக்குச் சான்றாகக் கொள்ளாதவரே மயக்கவியலாளர்.

4. சாவு எப்போது நேர்கிறது

மயக்கத்தால் விலங்குகள் இறப்பது பற்றி வெளியான பெரிய ஆய்வுகளில் ஒன்று பிரிட்டனில் பிராட்பெல்ட் குழுவினர் 2008இல் வெளியிட்டது. 117 மருத்துவமனைகள், 98,036 நாய்கள், 79,178 பூனைகள். மயக்கம் தொடர்பான சாவு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24 விழுக்காடு. குதிரைகளில் ஜான்ஸ்டன் குழுவினர் 2002இல் தந்த கணக்கு 1.9 விழுக்காடு, குடல்வலி அறுவைகளை நீக்கினால் 0.9.

சராசரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இறப்பின் நேரம். நாய்களில் ஏறத்தாழப் பாதியும் பூனைகளில் சுமார் அறுபது விழுக்காடும் அறுவை முடிந்த பிறகே இறந்தன. அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். பூனைகளில் நாடியைப் பார்த்து, ஆக்சிஜன் அளவியும் பொருத்தியிருந்த இடங்களில் ஆபத்து குறைந்திருந்தது. மருந்து மாறியதைக் காட்டிலும் கண்காணிப்பு அதிகம் செய்திருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். கூர்நோக்கு ஆய்வு காரணத்தை முற்றாக நிறுவாது என்பது உண்மை. நல்ல மருத்துவமனைகளே நன்றாகக் கண்காணித்திருக்கலாம். என்றாலும் மூச்சை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பதால் கெடுதல் எதுவும் இல்லை, செலவும் மிகக் குறைவு.

பிரிட்டிஷ் எண்களை அப்படியே கடலூருக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கே உதவிக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் உண்டு; அந்தப் பயிற்சித் திட்டம் 1961இலேயே தொடங்கிவிட்டது. இங்கே அறுவை முடிந்த நாய் அரைமயக்கத்தில் ஆட்டோவில் ஏறுகிறது. தலை தொங்கினால் மூச்சுக்குழல் மடங்கும் என்று உரிமையாளருக்கு யாரும் சொல்வதில்லை. அந்த மூன்று மணி நேரம் நம்மிடம் சாலையில் கழிகிறது.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். கிரேஹவுண்ட் நாய்களுக்குத் தயோபென்டோன் கொடுத்தால் தெளிவதற்கு மிகுந்த நேரமாகும். உடற்கொழுப்புக் குறைவும், கல்லீரல் நொதிகளின் மெதுவான வேலையும் காரணம். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் அதே மெலிந்த உடல்வாகு கொண்டவை. எச்சரிக்கை நியாயமே. ஆயினும் உடல்வாகு ஒத்திருப்பதால் நொதியும் ஒத்திருக்கும் என்று முடிவு கட்ட முடியாது. இந்த ஆராய்ச்சி தமிழ்நாட்டில்தான் நடக்க வேண்டும். வேறு யாரும் நமக்காகச் செய்யப் போவதில்லை.

5. படிப்பின் அமைப்பும் காட்டின் விதிவிலக்கும்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு தொடங்கியது. 1905இல் வேப்பேரிக்கு வந்தது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவில் முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கும் கல்லூரியானது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிறந்தது. இங்கே மயக்கவியல், அறுவையியலும் கதிரியக்கமும் சேர்ந்த துறைக்குள்ளேயே கற்பிக்கப்பட்டு வருகிறது. மேற்படிப்பிலும் அறுவையியல் பட்டத்தின் ஒரு பகுதியாகவே அது வருகிறது. மனித மருத்துவத்தில் 1947இலேயே இந்திய மயக்கவியலாளர் சங்கம் தோன்றி, துறை தனியே பிரிந்துவிட்டது. அறுவையாளரிடமிருந்து பிரிந்து நின்றதால்தான் “இப்போது அறுக்க வேண்டாம்” என்று சொல்லும் உரிமை மயக்கவியலாளருக்குக் கிடைத்தது. கால்நடை மருத்துவத்தில் அந்தச் சொல்லைச் சொல்லும் வாய் வேறாக இல்லை.

ஒரே ஒரு களத்தில் மட்டும் தமிழ்நாட்டில் இந்தப் பிரிவினை நடந்தேறியிருக்கிறது என்பது என் கணிப்பு. அது காடு. 2019இல் சின்னத்தம்பி யானை, 2021இல் மசினகுடியில் டி23 புலி, 2023இல் கம்பத்தில் அரிக்கொம்பன் யானை. பொதுமக்கள் மயக்க ஊசி என்ற சொல்லைத் தினந்தோறும் கேட்டது அந்த நாள்களில்தான். துப்பாக்கியைக் குறிபார்ப்பவரின் வேலை ஊசி பட்டதும் முடிந்துவிடும். அதன்பின் யானையின் மூச்சு, உடல்சூடு, படுத்த பக்கம், கண்ணில் வெயில் படாமை, தெளியவைக்கும் மருந்தின் நேரம் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டு வனத்துறையில் பணியாற்றிய யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் அனுபவம் இதற்கு அடிப்படையிட்டது. காட்டில் தவறு நடந்தால் நாடே கேட்கும். மாட்டுக்கொட்டகையில் நடந்தால் அந்த வீடு மட்டும் அழும். தனிப்பொறுப்பு முதலில் காட்டில் உருவானதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

6. மருந்தும் கட்டுப்பாடும்

ஊரில் மயக்கத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் மருந்துச் சட்டத்துக்கும் பங்குண்டு. கீட்டமின் போதைக்குப் பயன்பட்டதால் 2011இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், 2013இல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது. தனி உரிமம், தனிப் பதிவேடு, பூட்டிய அலமாரி. கட்டுப்பாடு தேவைதான். ஆனால் அதன் சுமை பெரிய மருத்துவமனையைவிடத் தனியாளாக இயங்கும் கால்நடை மருத்துவரையே அதிகம் அழுத்துகிறது. உலக அளவில் கீட்டமினைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கும் யோசனையை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஏற்கவில்லை. வசதி குறைந்த இடங்களில் மனிதருக்கும் விலங்குக்கும் மாற்றில்லாத மருந்து என்பது அதன் காரணங்களில் ஒன்று.

அறுவைக்குப் பின்னான வலி மருந்தின் கதை வேறு. டைக்ளோஃபெனாக் ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால் 2006இல் கால்நடைகளுக்கான அம்மருந்து தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடையாயின. கழுகு பறக்காத கடலூருக்கும் இந்தத் தடை உண்டு; அது சரியே. கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. ஆனால் தடைச் செய்தி வந்த வேகத்தில் மாற்று மருந்தின் பழக்கம் பரவ வேண்டும். தடையை மட்டும் கேட்டு, வலிமருந்தே எழுதாமல் விடுவது மாட்டுக்கு அநியாயம்.

7. எப்படிப்பட்ட தனித்துறை வேண்டும்

அமெரிக்கக் கல்லூரியின் நகலை இங்கே நிறுவினால் வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் சில நிபுணர்கள் உருவாவார்கள். அதுவும் தேவை, கற்பிக்க ஆள் வேண்டும். ஆனால் சிதம்பரத்திலிருந்து வேப்பேரி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் 1994இல் தொடங்கிய ராஜீவ்காந்தி கால்நடைக் கல்லூரிதான் கடலூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் பெரிய மருத்துவமனை. முழு மயக்கம் தேவைப்படும் நாய், பூனை, கன்றுகளை அங்கே அனுப்பும் ஏற்பாடு முறைப்பட வேண்டும். மாநில எல்லை நடுவில் இருப்பதால், அவரவர் முயற்சியில் போவதற்குப் பதிலாக இரு அரசுகளின் துறைகளும் பேசி ஒப்புக்கொண்ட பரிந்துரைச் சீட்டு இருப்பது நல்லது.

மருந்தகத்தில் வேண்டியது இரண்டாவது ஆள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர்கள் சிறு கால்நடைச் சேவைகளைச் செய்ய இடம் கொடுக்கிறது. கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். கயிறு பிடிக்கும் கையை நாடி பிடிக்கவும் பழக்கினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சை எண்ணுதல், நாடியை எண்ணுதல், கண்ணிமையைத் தொட்டு அசைவு பார்த்தல், ஈறை அழுத்தி விட்டு இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று கவனித்தல், இவற்றை ஒரு தாளில் எழுதுதல். இதற்கு இயந்திரம் வேண்டாம். அந்தத் தாளில் எண்கள் சரியும்போது கத்தியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் எழுத்தில் வேண்டும். விலங்கு தலையைத் தானாக நிமிர்த்தி நெஞ்சின்மேல் அமரும்வரை வளாகத்தை விட்டு அனுப்பக் கூடாது என்ற விதியும் அதோடு சேர வேண்டும். தெருநாய்க் கருத்தடையை உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்திருக்கும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கும் மையங்களில் இது இன்னும் அவசரம். உரிமையாளர் இல்லாத நாய்க்காகக் கேள்வி கேட்க அங்கே யாரும் வருவதில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கால்நடை வளர்ப்போருக்கு அங்கே வகுப்புகள் நடக்கின்றன. உதவியாளர்களுக்கான கண்காணிப்புப் பயிற்சியையும் அங்கேயே நடத்தலாம். அண்ணாமலைநகர் மயக்கவியல் துறையினர் மாதம் ஒரு நாள் வந்து நாடியும் மூச்சும் பார்க்கும் முறையைச் சொல்லித்தரலாம். குரும்பாப்பேட்டையின் அறுவைக்கூடமும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.